‘லிம்ப் பிசியோ கொடுக்கப்பட்டது’

கேள்வி:

எனக்கு 24 வயது. பிசியோதெரபி படித்து முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். விரும்பித்தான் இந்தப் பக்கம் வந்தேன். இப்போது காலையில் உள்ளே போகவே கால் வரவில்லை. கேஸ் ஷீட்டில் ‘செஸ்ட் பிசியோ, லிம்ப் பிசியோ, தினம் இரண்டு வேளை’ என்று எழுதியிருக்கும். நெஞ்சுச் சளியை வெளியேற்றுவதும் கைகால் பயிற்சியும்தான். போய்ச் செய்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். ‘பிசியோ, அந்த பெட்டுக்கு நெபுலைசர் போட்டுட்டுப் போயிடுங்க’ என்கிறார்கள் சிஸ்டர்கள். ‘மசாஜ் பண்ற பொண்ணு வந்திருக்கு, அப்புறம் பேசறேன்’ என்று நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர்கள் போனில் சொல்கிறார்கள். ரவுண்ட்ஸில் நான் நிற்பதே யாருக்கும் தெரிவதில்லை.

போன வாரம், வயிற்று ஆபரேஷன் முடிந்து 4-வது நாளில் இருந்த 62 வயதுப் பெரியவரைக் கட்டிலில் கால் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் தலை சுற்றுகிறது என்றார். பிபி 84-க்கு வந்துவிட்டது. உடனே படுக்க வைத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் டாக்டர் எல்லார் முன்னாலும் ‘யாரைக் கேட்டு உட்கார வெச்ச?’ என்று கத்தினார். அன்றிலிருந்து யாரையும் எழுப்பவே பயமாக இருக்கிறது. படுக்கையிலேயே கைகாலை அசைத்துவிட்டு வந்துவிடுகிறேன். என்னோடு படித்தவர்கள் ஸ்போர்ட்ஸ் பக்கமும் சொந்த கிளினிக்குமாகப் போய்விட்டார்கள். ‘ஐசியு நம்ம இடமே இல்லடி, அங்க நாம கூடுதல் கைதான்’ என்கிறாள் தோழி. நான் அங்கே யார், மேடம்? இந்த வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பெரியவர் விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் வலி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான்கு நாள் படுத்தே கிடந்தவரை நிமிர்த்தினால் ரத்தம் காலுக்கு இறங்கும். யாருக்கும் இறங்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். வயிற்று ஆபரேஷன் ஆன 62 வயதுக்காரருக்கு, அதுவும் உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ, வலிக்கு எபிடியூரல் மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ, அந்தச் சமாளிப்பு தாமதமாகும். ஆகவே பிபி இறங்கியதை நான் தப்பு என்று எண்ணமாட்டேன். இறங்கியதைக் கவனித்தீர்கள், படுக்க வைத்தீர்கள், திரும்ப ஏறியதா என்று பார்த்தீர்கள். அதுவரை எல்லாம் சரி.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் காணவில்லை. 84 என்கிறீர்கள், எதிலிருந்து 84? படுத்திருந்தபோது எவ்வளவு இருந்தது? தலைமாட்டை 60 டிகிரி உயர்த்தியபோது எவ்வளவு? 130-லிருந்து 84-க்கு வந்தவர் வேறு, 98-லிருந்து வந்தவர் வேறு. பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தை எப்போது நிறுத்தினார்கள், முந்தின ராத்திரி சிறுநீர் எவ்வளவு போனது, அன்றைய ஹீமோகுளோபின் என்ன? இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். தெரியாமலே உட்கார வைத்திருந்தால், டாக்டர் கத்திய விதம் தவறு, ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ‘யாரைக் கேட்டு’ என்று அவர் கேட்டதற்கு ஆள் பெயரைத் தேட வேண்டாம். ‘இந்த எண்களைப் பார்த்து, நானே முடிவு செய்தேன் சார்’ என்று சொல்லியிருக்கலாம். எண்கள் கையில் இருந்திருந்தால் அன்று உங்கள் குரல் நடுங்கியிருக்காது.

சரி, ‘நான் அங்கே யார்’ என்ற கேள்விக்கு வருகிறேன்.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும், போன மாதம் நீங்கள் பார்த்த நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எடுத்து உங்கள் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘செஸ்ட் பிசியோ, லிம்ப் பிசியோ கொடுக்கப்பட்டது.’ அவ்வளவுதான் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், 20 வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் எழுதினேன், பக்கம் பக்கமாக. டாக்டர் எழுதிய வரியையே திருப்பி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால், படிக்கிறவர் என்ன நினைப்பார்? சொன்னதைச் செய்துவிட்டுப் போகிற ஆள் என்றுதான் நினைப்பார். உங்கள் தோழி சொல்கிற ‘கூடுதல் கை’ என்ற பெயரை நமக்கு வேறு யாரும் வைக்கவில்லை. தினம் இரண்டு வேளை நாமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மானாவாரி விவசாயி, நாற்பதைத் தாண்டியவர். பூச்சிமருந்து விஷத்தில் கொண்டுவந்திருந்தார்கள். முதல் நாள் வாயெல்லாம் எச்சில், கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கி, நெஞ்சு முழுக்கச் சளிச் சத்தம். விஷத்துக்கு மாற்று மருந்தாக அட்ரோபின் ஓடியது. இரண்டாம் நாள் தெளிந்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் மனைவியிடம் காபி கேட்டிருக்கிறார். ஆக்சிஜன் 97. மத்தியானம் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுதியிருந்தது அதே லிம்ப் பிசியோ.

கையைத் தூக்கச் சொன்னேன். தோள் உயரத்தோடு நின்றது. முந்தின நாள் தலைக்கு மேல் தூக்கியவர். அப்புறம், தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். முந்தின நாள் தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி தூக்கி, நான் ஐந்து எண்ணும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அன்று தலை ஒரு விரல்கடை எழும்பித் திரும்ப விழுந்தது. ‘ராத்திரி தூக்கமில்லம்மா, அசதியா இருக்கு’ என்றார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். முந்தின நாள் 27 வரை போனவர் 13-ல் நின்று மூச்சு வாங்கினார். மானிட்டரில் ஒன்றும் மாறவில்லை. ஆக்சிஜன் அப்போதும் 97.

ஆர்கனோபாஸ்பேட் என்ற இந்த வகைப் பூச்சிமருந்து விஷத்தில், முதல் வேகம் அடங்கிய பிறகு, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் தோள், தொடைத் தசைகளும் சோர்ந்து, அதோடு மூச்சுத் தசையும் படுத்துவிடுவது உண்டு. இதை 1987-ல் விளக்கி எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்கள் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். இன்டர்மீடியட் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். நமக்குக் கடல் தாண்டினால் அந்தக் கரை. அங்கேயும் இதே வயல், இதே மருந்துப் புட்டி. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. ஆக்சிஜன் எண் இறங்குவது கடைசியில்தான்.

டியூட்டி டாக்டரிடம் போய், ‘சார், நேற்று தலை தூக்கியவர் இன்று தூக்கவில்லை. ஒரே மூச்சில் 27 எண்ணியவர் 13 எண்ணுகிறார். வார்டுக்கு மாற்றுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்’ என்றேன். வந்து பார்த்தார். மாற்றவில்லை. அன்று சாயங்காலம், அவசரம் அடிதடி எதுவும் இல்லாமல், நிதானமாக டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். பதினோராம் நாள் டியூப் எடுத்தார்கள். டியூப் போட்டது டாக்டர், ராப்பகலாகப் பார்த்துக்கொண்டது சிஸ்டர்கள். என் பங்கு, தலையணைக்கும் தலைக்கும் நடுவே இருந்த அந்த ஒரு விரல்கடை.

ஐசியுவில் ஒருவரின் தசையைத் தினமும் கையால் தொட்டு, வேலை வாங்கி, நேற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறவர் உங்களைத் தவிர வேறு யார் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் ரத்தத்தையும் படத்தையும் பார்க்கிறார், சிஸ்டர் மணிக்கணக்கில் எண்களையும் மருந்தையும் பார்க்கிறார். அசைவைப் பார்க்கிற கண் உங்களுடையது.

உங்கள் தோழிக்கும் ஒரு விஷயம் சொல்லுங்கள். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வரிசையாக வந்து விழுந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் குழாய் வைத்துக் கையால் பலூனை அமுக்கிக் காற்றுக் கொடுக்கச் செய்தார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டு, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். ஐசியு என்ற ஏற்பாடே அதிலிருந்துதான் பிறந்தது. தசை ஓய்ந்தவர்களுக்காகத் தொடங்கிய இடம் அது. அதே போலியோ வார்டுகளில் வளர்ந்த தொழில்தான் நம்முடையதும். அங்கே நாம் விருந்தாளி கிடையாது.

அமெரிக்காவில் அக்யூட் கேர், அதாவது மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளின் அமைப்பு 2015-ல், புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வெளியிட்டது. முடிவெடுப்பது, மற்றவர்களோடு பேசுவது, பாதுகாப்பு, நோயாளிக்கான சிகிச்சையை நடத்துவது, டிஸ்சார்ஜைத் திட்டமிடுவது என்று ஐந்து தலைப்பு. நீங்கள் உங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் கைகால் பயிற்சி அதில் ஒரு தலைப்புக்குள் ஒரு பகுதி. மீதி நான்கையும் செய்யாமல் இருப்பதால்தான் உங்களுக்கு உள்ளே காலியாக இருக்கிறது. கல்லூரியில் நமக்கு முதலாவதைவிட நாலாவதைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

அந்த முதல் தலைப்பு, முடிவெடுப்பது, எவ்வளவு கனமானது என்று நம் துறையின் சமீபத்திய வரலாறே காட்டுகிறது. படுக்கை தசையைத் தின்னும் என்பதில் சந்தேகமில்லை. லண்டனில் 63 நோயாளிகளை அளந்து 2013-ல் வெளியிட்டார்கள்: ஐசியுவில் 10 நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முன்பே, 2009-ல், வென்டிலேட்டரில் இருந்த 104 பேரிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில், மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தி ஆரம்பத்திலிருந்தே எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலையில் வீடு போனார்கள். மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தினாலும் வழக்கமான கவனிப்பு மட்டுமே பெற்றவர்களில் 35 சதவீதம். நாங்கள் எல்லாரும் அந்த ஆய்வைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். எழுப்பு, சீக்கிரம் எழுப்பு, இன்னும் சீக்கிரம் எழுப்பு என்று ஒரு வேகம் வந்தது.

2015-ல் அந்த வேகத்துக்குக் கடிவாளம் விழுந்தது. பக்கவாதம் வந்த 2,104 பேரிடம் 5 நாடுகளில் நடத்திய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிக நேரமும் எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேரே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். 2022-ல் இன்னொன்று: வென்டிலேட்டரில் இருந்த 750 பேர். கூடுதலாக எழுப்பி நடத்தியதால், 180 நாளில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்கள் கூடவில்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் சம்பந்தமான பாதிப்புகள் மட்டும் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் கூடியிருந்தன.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ எழுப்பவே வேண்டாம்’ என்று ஒதுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2022 ஆய்வில் ஒப்பிடப்பட்ட வழக்கமான கவனிப்பிலும் நோயாளிகள் எழுப்பப்பட்டார்கள், கொஞ்சம் குறைவாக. யாரை, எந்த நாளில், எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். மருந்துக்கு டோஸ் இருக்கிற மாதிரி எழுப்புவதற்கும் டோஸ் இருக்கிறது. அதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டிலிலும் தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டும்.

இதற்கு ஒரு பிடிமானமும் இருக்கிறது. 23 நிபுணர்கள் உட்கார்ந்து 2014-ல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு மாதிரி பிரித்துச் சொல்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள், பீப் (மூச்சை விட்டபின் நுரையீரலில் மெஷின் தக்கவைக்கும் அழுத்தம்) 10-க்குள், மூச்சு நிமிஷத்துக்கு 30-க்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் 90-க்குக் குறையாமல் இருந்தால் பச்சை. இதை ஒரு தாளில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து எந்த டோஸ் வரைக்கும் எழுப்பலாம் என்பதில் அந்த 23 பேராலும் ஒரே எண்ணுக்கு வர முடியவில்லை. அங்கே நோயாளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘இன்று எழுப்பவில்லை, காரணம் இது, நாளை 10 மணிக்குத் திரும்பப் பார்க்கிறேன்’ என்று எழுதுவதும் முழு பிசியோதெரபிதான். பயத்தில் விடுவதற்கும் யோசித்து விடுவதற்கும் வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் குறிப்பில் தெரிய வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு பாட்டியின் வலியில். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். நிமோனியாவிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று தூக்கி நிறுத்தினேன். நாடி நன்றாக இருந்தது, மூச்சு நன்றாக இருந்தது, எனக்கு அன்று ஒரே சந்தோஷம். இரண்டு எட்டு வைத்திருப்பார், ‘ஐயோ தாயீ’ என்று அப்படியே மடங்கினார். சிறுநீர்ப் பை கட்டிலின் அந்தப் பக்கக் கம்பியில் மாட்டியிருந்தது. நான் பார்க்கவில்லை. உள்ளே பலூன் ஊதியிருந்த கதீட்டர் இழுபட்டு, மூன்று நாள் ரத்தமாகப் போனது. பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாள் நான் கட்டிலருகே போனபோது அவர் கை தானாகவே கம்பியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து யாரையும் எழுப்புவதற்கு முன், ஒவ்வொரு குழாயையும் உடம்பில் நுழையும் இடத்திலிருந்து அது முடியும் இடம் வரை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. மூக்குக் குழாய், கழுத்து லைன், மணிக்கட்டு லைன், வயிற்று டிரெயின், சிறுநீர்ப் பை. எந்தப் பக்கம் இறக்கப் போகிறேனோ அந்தப் பக்கத்துக்கு எல்லாம் வந்தாயிற்றா, போகிற தூரத்துக்கு நீளம் போதுமா. ஒரு நிமிஷம்கூட ஆகாது. கூட நிற்கும் சிஸ்டருக்கும் கேட்கும். நான் விட்டதை அவர் பிடிப்பார். நோயாளிக்கும் கேட்கும். தன் உடம்பை இந்தப் பெண் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறாள் என்று தெரிந்தால் அவர் பயம் பாதியாகும்.

நெபுலைசர் விஷயம். போடச் சொன்னால் போடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஐசியுவில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் கை கொடுத்தால்தான் ஓடும். ஆனால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்காமல் போடாதீர்கள். சளி தட்டுவதும் அப்படித்தான். எல்லாருக்கும் வேளாவேளைக்கு முதுகைத் தட்டுவது பழக்கமாகிவிட்டது. விலா எலும்பு முறிந்தவருக்கும், தலைக்குள் அழுத்தம் ஏறியிருப்பவருக்கும்கூடச் சிலர் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் கேட்டது என்ன, செய்தது என்ன, அதற்கப்புறம் கேட்டது என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். ‘வலது அடிப்பாகத்தில் சளிச் சத்தம், இடப்பக்கம் சாய்த்து 10 நிமிஷம், இருமலில் மஞ்சள் சளி வந்தது, சத்தம் குறைந்தது.’ இதைப் படித்த சிஸ்டர் அடுத்த முறை ‘அந்த பெட்டுக்கு நெபுலைசர் தேவைப்படுமா பாருங்க பிசியோ’ என்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது, கொஞ்ச நாள் ஆனது.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்று 2025-ல் நாடு முழுக்க நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபியைத் தனித் தொழிலாக அங்கீகரித்து, கட்டுப்படுத்த ஓர் ஆணையத்தையும் வைத்திருக்கிறது. அது நல்லது, பல வருஷப் போராட்டம். முன்னெழுத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அந்த விவசாயி ஏன் வார்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொன்னபோது என் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

அட்டெண்டர்கள் மசாஜ் என்று சொல்வதற்கு வருத்தப்பட வேண்டாம். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது காலைப் பிடிப்பதுதான். நான் ஒன்று செய்வேன்: நோயாளி ஓரளவு தெளிந்ததும் வீட்டு ஆளைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பேன். வாசலில் எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? கக்கூஸ் குத்துக்கால் போடுவதா, வெஸ்டர்னா, வீட்டுக்குள்ளா, கொல்லைப்புறத்திலா? படுப்பது கட்டிலா, பாயா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பாயிலிருந்து எழ முடியாத ஒருவரை ‘தேறிவிட்டார்’ என்று அனுப்பினால், ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது விழுவார், திரும்ப வருவார். 762 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் சொன்ன டிஸ்சார்ஜ் ஏற்பாட்டைப் பின்பற்றாமல், தேவையான சேவையும் கிடைக்காமல் போனவர்கள் திரும்ப அட்மிட் ஆகும் வாய்ப்பு 2.9 மடங்கு இருந்தது. இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுக்காரர்கள் உங்களிடம் பேசும் விதம் மாறிவிடும். ‘எப்ப வீட்டுக்குப் போகலாம்’ என்று டாக்டரைக் கேட்டவர்கள் ‘போனா சமாளிச்சுக்குவாரா’ என்று உங்களைக் கேட்பார்கள். ஐசியுவில் கேட்கப்படுகிற கேள்விகளில் மிகப் பெரியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். ஒருவர் கத்தினார் என்பதற்காக விடாதீர்கள். அந்தப் பயத்தோடு வெளியே போனால் எந்தக் கிளினிக்கிலும் அது கூடவே வரும். ஆறு மாதம் கொடுங்கள். உங்கள் குறிப்பை மாற்றுங்கள். விழிப்பாக இருக்கும் எல்லாருக்கும் தசை பலத்தை எண்ணாக எழுதுங்கள்: கைகால்களில் 12 தசைக் கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 60; 48-க்குக் கீழே போனால் ஐசியுவில் வந்த பலவீனம் என்று சந்தேகப்பட வேண்டும். ரவுண்ட்ஸில் ஒரு நோயாளிக்கு ஒரே வாக்கியம் சொல்லுங்கள், எண்ணோடு. முதல் வாரம் யாரும் திரும்பிப் பார்க்காமல் போகலாம். மூத்த சிஸ்டர் ஒருவரையாவது உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் மாறுவார்கள், அவர்தான் நிலையாக இருப்பார். இவ்வளவு செய்தும், அந்த இடம் உங்களைச் சிந்திக்கவே விடவில்லை என்றால் அந்த மருத்துவமனையை விடுங்கள். ஐசியுவை விட வேண்டாம். சம்பளம் ஒரு காரணம் என்றால் அது வேறு கணக்கு. வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் புத்தி சொல்ல மாட்டேன். ஸ்போர்ட்ஸ் பக்கம் போவதும் தாழ்ந்த முடிவு இல்லை, மனசு அங்கே இருந்தால்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், நான் தமிழில் சொல்கிறேன். ‘காலை 10.10. விழிப்பு, சொன்னதைச் செய்கிறார். படுத்து 118/70. தலைமாடு 60 டிகிரி, 3 நிமிஷம் கழித்து 112/68. கால் தொங்கவிட்டு 1 நிமிஷத்தில் 96/60, தலைசுற்றல் இல்லை, கணுக்கால் அசைத்தபின் 5-வது நிமிஷம் 108/64. தலை தூக்கி 5 நொடி பிடிக்கிறார். வயிற்றில் தலையணை அணைத்து இருமினால் சளி வருகிறது. 8 நிமிஷத்தில் சோர்வு, நிறுத்தினேன். மத்தியானம் 3 மணிக்கு நாற்காலியில் 15 நிமிஷம் முயற்சி. நிற்க வைப்பது ஹீமோகுளோபின் பார்த்தபின்.’ இதில் எங்கேயும் ‘பிசியோ கொடுக்கப்பட்டது’ என்ற சொல் வரவில்லை, கவனித்தீர்களா?

அந்தப் பெரியவர் இன்னும் அங்கேதான் இருப்பார் என்று நினைக்கிறேன். நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவரிடம் போங்கள். படுத்த நிலையில் பிபி எழுதுங்கள். தலைமாட்டை உயர்த்தி, மூன்று நிமிஷம் பொறுத்து, திரும்ப எழுதுங்கள். குழாய்களைத் தொட்டுச் சொல்லுங்கள். அன்றைக்குத் தலை சுற்றியது அவருக்கும் ஞாபகம் இருக்கும், பயப்படுவார். ‘ஐயா, இன்னைக்கு மெதுவாப் போவோம், சுத்துற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க, நான் இங்கேயேதான் நிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். உட்கார்ந்ததும் அவர் வீட்டு வாசலில் எத்தனை படி என்று கேளுங்கள். டாக்டர் வந்ததும் எண்களைச் சொல்லுங்கள், படிக் கணக்கையும் சேர்த்து. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா